பன்னிரண்டு அடுப்பும் பார்த்த திசை

பங்குனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலை ஏழரை மணிக்கு, மேலரத வீதி அமிர்தகலசம் சைவ உணவகத்தின் சமையலறையில் சாதத்துக்கு நாலு, சாம்பாருக்கு மூன்று, ரசத்துக்கு இரண்டு, பொரியலுக்கு இரண்டு, பாலுக்கு ஒன்று என்று வரிசையாக எரிந்துகொண்டிருந்த பன்னிரண்டு அடுப்பின் தீயும், வயலுக்குள் காற்று புகுந்தால் நாற்று சாய்கிற மாதிரி, ஒரே நேரத்தில் தெற்கே சாய்ந்தன. லேசான சாய்வு இல்லை. அண்டாக்களின் அடியை விட்டு விலகி, மேடையின் விளிம்பைத் தாண்டி, கொல்லைக் கதவைப் பார்த்து நீண்டுகொண்டு நின்றன. பாலில் ஆடை படியவில்லை, பருப்பு மலரவில்லை, உலைநீர் கையை விட்டுப் பார்க்கும் சூட்டிலேயே நின்றுவிட்டது.

"எவன்டா கதவத் தொறந்து வச்சது?" என்றார் தலைமைச் சமையற்காரர் வைத்தா மாஸ்டர்.

கதவைச் சாத்தினார்கள். தீ, சாத்திய கதவைப் பார்த்துச் சாய்ந்தது. ஜன்னலை அடைத்தார்கள், மின்விசிறியை நிறுத்தினார்கள், கேஸ் மெக்கானிக்கை வரவழைத்தார்கள். அவன் ரெகுலேட்டரைக் கழற்றி மாட்டி, டியூபை மோந்து பார்த்து, "கேஸ் நல்லாத்தான் வருது மாஸ்டர், தீக்குத்தான் ஒங்க மூஞ்சி புடிக்கல போல" என்று சொல்லி, ஒரு காபி குடித்துவிட்டுப் போனான். அதற்கு மேல் யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. பதினொன்றரைக்குச் சாப்பாட்டுக் கூட்டம் வந்துவிடும், யோசிக்க ஏது நேரம்?

கதவுக்கு அந்தப் பக்கம், கொல்லையில், குழாயடியில் நிறைமதி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அவளோடு பயிற்சிக்கு வந்த அபிநயாதான் முதலில் கண்டுபிடித்தவள். கழுவிய கரண்டிக் கட்டைத் தூக்கிக்கொண்டு நிறைமதி பக்கவாட்டுச் சந்து வழியாக மேற்கே ஸ்டோர் ரூமுக்குப் போனபோது, பன்னிரண்டு தீயும் தெற்கிலிருந்து மேற்கே திரும்பின, தேர் பார்க்கிற கூட்டம் தலையைத் திருப்புகிற மாதிரி. அவள் திரும்பி வந்தபோது தீயும் திரும்பி வந்தது.

"ஏய் நெற, உன்னத்தாண்டி பாக்குது" என்று அபிநயா ஜன்னல் வழியாகக் கத்தினாள்.

"பாத்தா பாக்கட்டும், அதாச்சும் பாக்குதே" என்றாள் நிறைமதி.

தீ ஏன் சாய்ந்தது என்று கேட்க நினைப்பவர்கள் கேட்டுக்கொள்ளலாம். அந்தச் சமையலறையில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய கேள்வியே வேறு. சமையல் படிக்க வந்த ஒரு பெண், பன்னிரண்டு அடுப்பு எரிகிற ஒரு சமையலறைக்கு வெளியே ஏன் உட்கார்ந்திருந்தாள்? அதையும் யாரும் கேட்கவில்லை. ஏனென்றால் அதற்குப் பதில் எல்லோருக்கும் தெரியும்.

அவள் படித்த சமையல் பயிற்சி மையத்தில் ஒன்பது மாதப் படிப்பு. முதல் ஆறு மாதம் வகுப்பு, கடைசி மூன்று மாதம் ஏதாவது ஓர் உணவகத்தில் வேலைப் பயிற்சி. வகுப்பில் முப்பத்திரண்டு பேருக்கு ஒரே ஒரு கரண்ட் அடுப்பு இருந்தது, அதுவும் பாதி நாள் பழுது. ஆகவே அவர்கள் அடுப்பைத் தவிர மற்ற எல்லாவற்றையும் படித்தார்கள். பாலை எத்தனை டிகிரியில் வைக்க வேண்டும், காரட்டை வெட்டும் ஏழு விதத்துக்கும் வெளிநாட்டில் என்ன பெயர், தொப்பியை எந்தக் காதுவரை இழுத்துவிட வேண்டும் என்றெல்லாம். நிறைமதி எல்லாத் தாளிலும் முதல் மதிப்பெண். "அடுப்புல நிக்கிறதெல்லாம் ஹோட்டல்ல கத்துக்குவீங்க" என்று மையத்தின் முதல்வர் குணசீலன் சார் சொல்லி, ஆளுக்கொரு நீல அட்டைப் புத்தகம் கொடுத்தார். அதன் பெயர் லாக் புக். அதில் நூற்றிருபது மணி நேரம் அடுப்பில் நின்றதாக ஒரு சமையலர் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இருந்தால்தான் பரீட்சை. பரீட்சை முடித்தால்தான் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால்தான் ஆஸ்பத்திரிச் சமையற்கூடத்திலோ கப்பலிலோ எங்கேயாவது சமையலர் என்று போய் நிற்க முடியும்.

முதல் நாள் அமிர்தகலசத்துக்கு நாலு பேர் போனார்கள். வைத்தா மாஸ்டர் ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டார், அப்புறம் எந்தத் தெரு என்று கேட்டார். நிறைமதி "புதுக்காலனி" என்றாள். மாஸ்டர் முகம் சுளிக்கவில்லை, குரலை உயர்த்தவில்லை. வெயிலில் நிற்கிறவர்களை நிழலுக்கு வரச் சொல்கிற அதே குரலில், "நல்லதும்மா, நீ பின்னாடி இரு" என்றார். மற்ற மூவரும் உள்ளே போனார்கள்.

அவளுக்கு இது புதிதா என்ன? எட்டு வயதில் பார்த்தாயிற்று. அவள் அம்மா கஸ்தூரியைப் பக்கத்து ஊர்த் தொடக்கப்பள்ளியில் சத்துணவுச் சமையல் உதவியாளராகப் போட்டார்கள். முதல் நாள் எண்பத்து மூன்று பிள்ளைகளுக்குப் பொங்கினாள். அறுபத்து நாலு பிள்ளைகளை அவர்களுடைய அம்மாக்கள் வந்து தட்டோடு கூட்டிக்கொண்டு போனார்கள். பத்தொன்பது பேர் சாப்பிட்டார்கள், அதில் ஒருத்தி நிறைமதி. மீதிச் சோற்றைக் கஸ்தூரியின் கண்ணெதிரே வாய்க்காலில் கொட்டினார்கள். அடுத்த வாரம் அவள் கையில் துடைப்பம் கொடுக்கப்பட்டது. இன்றைக்கும் அதே பள்ளியில் கூட்டுகிறாள், கக்கூஸ் கழுவுகிறாள். பதிவேட்டில் மட்டும் இன்றைக்கும் சமையல் உதவியாளர் கஸ்தூரி என்றே இருக்கிறது. பதவியின் பெயரை மாற்ற மேலே எழுத வேண்டும், எழுதினால் காரணம் சொல்ல வேண்டும், ஆகவே யாரும் எழுதவில்லை.

நிறைமதிக்கு வேண்டியது ஒரு காகிதம். யாரும் வாய்க்காலில் கொட்ட முடியாத காகிதம். அதற்காகத்தான் ஆறு மாதம் காரட்டின் ஏழு பெயர்களை மனப்பாடம் செய்தாள்.

தீ சாய்ந்த நாலாம் நாளுக்குள் சமையலறை அதற்குப் பழகிவிட்டது. மழைக்காலத்தில் ஒழுகும் இடத்தில் வாளியை வைப்பதுபோல, அண்டாக்களை ஓரடி தெற்கே நகர்த்தி வைத்துக்கொண்டார்கள். "ஏ பொண்ணு, கொஞ்சம் இடப்பக்கம் நகந்து ஒக்காரு, ரசம் கொதிக்கல" என்று உள்ளிருந்து குரல் வரும், அவள் நகருவாள், ரசம் கொதிக்கும். பத்தாம் நாள், இரவெல்லாம் வால்வு திறந்திருந்ததில் சிலிண்டர்கள் அத்தனையும் தீர்ந்துபோயின. ஆனால் காலையில் நிறைமதி கொல்லைக் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்ததும் பன்னிரண்டு அடுப்பும் தானாகப் பற்றிக்கொண்டன, முன்பைவிட உயரமாக, மஞ்சள் கலக்காத நீலமாக.

முதலாளி சபேசன் வந்து பார்த்தார். அவர் ஆச்சரியப்படுகிற மனிதர் இல்லை. குனிந்து வால்வைத் தொட்டுப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மூடியிருக்கயிலயும் எரியுதா?"

"எரியுது முதலாளி."

"நல்லது. இனிமே சிலிண்டர் எறக்க வேணாம்."

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. அவள் பக்கத்தில் இருக்க இருக்கத்தான் தீ நிமிர்ந்து எரிந்தது. பக்கத்தில் என்றால் எவ்வளவு பக்கத்தில்? அவளால் எரிகிற தீயில் வெந்த சோறு அவள் சமைத்த சோறாகுமா? அமிர்தகலசத்தின் சோறு மேலரத வீதியின் அத்தனை கல்யாணத்துக்கும் போகிற சோறாயிற்றே. முதலாளி மூன்று பெரிய மனிதர்களை அழைத்து, மேல்மாடி ஏசி அறையில் உட்கார வைத்து, ஆளுக்கொரு தட்டு கேசரி கொடுத்து, விஷயத்தை வைத்தார். ஒருவர் கோயில் மடப்பள்ளியில் நாற்பது வருடம் இருந்தவர், ஒருவர் கல்யாண மண்டபச் சங்கத் தலைவர், ஒருவர் ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர். ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். மடப்பள்ளிக்காரர், தீ தான் தொட்டதை எல்லாம் சுத்தமாக்கிவிடுகிறது, ஆகவே அது எங்கிருந்து வந்தாலும் குற்றமில்லை என்றார். ஆசிரியர், தீ என்பது பொருளே கிடையாது, அது வெறும் வினை, வினைக்கு ஏது ஊரும் தெருவும் என்றார். சங்கத் தலைவர், "சாப்பாடு இப்ப முன்னவிட ருசியா இருக்கு, அத மனசுல வச்சுக்கங்க" என்றார். கடைசியில் இப்படி முடிவானது: தீக்குக் கை கிடையாது, ஆகவே அந்தப் பெண்ணின் தீயில் சமைக்கலாம், அந்தப் பெண்ணுக்குக் கை உண்டு, ஆகவே அவள் மேடைக்கு வரக் கூடாது.

தட்டுகளை எடுக்க வந்தவளாக வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த நிறைமதி, மேசைமேல் பூஜைக்கு ஏற்றி வைத்திருந்த விளக்கை எடுத்தாள். அதன் சுடர் அவளை நோக்கி எழும்பியது. இடது கையை மணிக்கட்டு வரை அதற்குள் விட்டாள். கை கருகவில்லை, கொப்புளிக்கவில்லை. தண்ணீருக்குள் விட்ட மாதிரி இருந்தது.

"ஐயா, தீ தொட்டதெல்லாம் சுத்தம்னு சொன்னீங்க. இந்தா, தொட்டுருச்சு. இப்ப என் கையி சுத்தமா? நான் மேடையில ஏறலாமா?"

மடப்பள்ளிக்காரர் மேல்துண்டைச் சரிசெய்தார்.

"நல்ல கேள்வி" என்றார் ஆசிரியர். உண்மையாகவே அவருக்கு அது பிடித்திருந்தது. "ஆனா இன்னைக்கு நாம பேச வந்தது அது இல்லம்மா."

"கேசரி ஆறுது" என்றார் சங்கத் தலைவர்.

மூன்றாம் நாள் கொத்தனார் வந்தார். அடுப்பு மேடையின் கீழே, சிலிண்டர்கள் இருந்த இடத்தைத் தோண்டி, ஒரு ஆள் உட்காரும் அளவுக்குக் குழி எடுத்து, சிமெண்டு பூசி, கொல்லைப் பக்கமாக ஒரு சின்ன வாசலும், முன்பக்கம் மூச்சுவிட ஒரு சாண் அகலத்தில் ஒரு கம்பி ஜன்னலும் வைத்தார். ஒரு முக்காலி போட்டார்கள். முதலாளி தாராள மனதோடு ஒரு தலையணையும் வாங்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து நிறைமதி அதற்குள் உட்கார்ந்தாள், காலை ஆறு மணியிலிருந்து மாலை நாலு மணி வரை, அவள் தலைக்கு மேலே பன்னிரண்டு தீயும் கோயில் கோபுரத்துக் கலசம்போல் நேராக நின்று எரிந்தன.

கம்பி ஜன்னல் வழியாக அவளுக்குக் கால்கள் மட்டும் தெரிந்தன. கால்களைப் பார்த்தே அவள் சமையல் படித்தாள், வேறு வழி? மாஸ்டரின் வலது குதிகால் தூக்கினால் தாளிக்கப் போகிறார். இரண்டு பேர் கால் ஒன்றாக அகன்றால் சோறு வடிக்கிறார்கள். கடுகு வெடிக்கும் சத்தத்துக்கும் உளுந்து சிவக்கும் சத்தத்துக்கும் நடுவில் எத்தனை மூச்சு என்று எண்ணிக்கொண்டாள். வெந்தயம் கருகினால் மாஸ்டருக்கு முன்னால் அவளுக்குத் தெரியும், ஆனால் சொன்னால் "கீழேர்ந்து என்ன சத்தம்?" என்பார்கள். அபிநயா மட்டும் ஏதாவது விழுந்ததை எடுக்கிற பாவனையில் குனிந்து, "புளி இப்ப பாதிதான் ஊத்துறாரு, மீதி பருப்பு வெந்தப்புறமாம். உப்ப ருசி பாக்கவே மாட்டேங்குறாருடி, ஆவிய மோந்தே சொல்றாரு" என்று கிசுகிசுத்துவிட்டு எழுவாள். பிறகு அபிநயாவுக்கும் வேலை கூடியது. குனிய நேரமில்லாமல் போயிற்று.

எரிக்கிறவளுக்குக் குளிர்ந்தது. சித்திரை வெயிலில் ஊரே வெந்துகொண்டிருக்க, நிறைமதிக்குப் பல் தந்தியடித்தது. விரல் நுனியெல்லாம் நீலமாயிற்று. அபிநயா அவள் கைக்குள் திணித்த சூடான இட்லி வாய்க்குப் போவதற்குள் ஆறிப்போனது. அண்ணன் வேலைக்குப் போன ஊரிலிருந்து கொண்டுவந்த கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு பங்குனி போய்ச் சித்திரை, சித்திரை போய் வைகாசி என்று அவள் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள், மேலே ஊரின் பசி தீர்ந்துகொண்டிருந்தது.

ஊர் அதைப் பெருமையோடு ஏற்றுக்கொண்டது. சாப்பாட்டில் பழைய விறகடுப்பு ருசி திரும்பிவிட்டது என்றார்கள். வெளியூர்க் கல்யாணங்களுக்கு அவளை வேனில் ஏற்றிக் கூட்டிப் போக இரண்டு மண்டபங்கள் போட்டி போட்டன. வேனில் சிலிண்டர் வைக்கும் இடத்தில் அவளுக்கு இடம் ஒதுக்கினார்கள். சமையலறைக்கு ஆள் எடுக்கும்போது சிலர், "தீ வருமா உங்க பொண்ணுக்கு?" என்று காலனிக்கே வந்து கேட்டார்கள். சிகரெட் பற்ற வைக்க ஜன்னலோரம் வந்து குனிகிறவர்கள்கூட நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். மரியாதைக் குறைவாக அவளை யாராவது நடத்தினார்கள் என்று எவரும் சொல்ல முடியாது.

குணசீலன் சார் மேற்பார்வைக்கு வந்தார், காமிராக்காரனோடு. குழிக்கு முன்னால் மண்டியிட்டு, கம்பிக்கு இந்தப் பக்கம் முகத்தை வைத்துப் பேசினார்.

"எப்படிம்மா இருக்க?"

"குளிருது சார். சார், எனக்கு அடுப்புல நிக்கணும். லாக் புக்குல ஒரு மணி நேரம்கூட ஏறல."

"அடுப்புக்குப் பக்கத்துலதானே இருக்க? மத்த ஹோட்டல்ல போய்ப் பாரு, வெங்காயம் உரிக்க விட்டிருக்கான். நீ அடுப்புக்கே ஆதாரம்மா."

"ஆதாரம்னா நூத்தியிருபது மணி போடுவாங்களா சார்?"

"போடுவாங்க, போடுவாங்க. நீ முதல்ல கொஞ்சம் அனுசரிச்சுப் போ. அடுத்த பேட்சுக்கு இவங்க எடம் கொடுக்கணும்ல?" அவர் கண் கலங்கியிருந்தது, அது புகையாலும் இருக்கலாம். காமிராக்காரன் படம் எடுத்தான். அடுத்த வாரம் மையத்தின் விளம்பரத் தாளில், வெள்ளைத் தொப்பி ஒட்டி, கம்பியை அழித்து, அவள் முகம் வந்தது. கீழே எழுதியிருந்தது: எங்கள் மாணவி, சமையலறையின் இதயம்.

அம்மாவிடம் அந்தத் தாளைக் காட்டினாள். கஸ்தூரி அதை வெகுநேரம் பார்த்தாள்.

"உள்ளதானடி வச்சிருக்காங்க? என்னைய வெளிய நிறுத்துனாங்க" என்றாள். பிறகு மகளின் நீல விரல்களைத் தன் இரண்டு கைக்குள் வைத்துத் தேய்த்தாள், சூடு ஏறவில்லை, தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

வைகாசி கடைசி முகூர்த்தம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் திங்கள் பரீட்சை. அன்று இரண்டாயிரம் பேர் சாப்பாடு. பன்னிரண்டு அண்டாவும் பாதி வேக்காட்டில் இருந்த பத்து மணிக்கு, மற்ற மூன்று பேரும் லாக் புக்கை நீட்டினார்கள். மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டார். நிறைமதி கொல்லை வாசல் வழியாக வெளியே வந்து, சமையலறை நிலைப்படியில் நின்று, தன்னுடையதை நீட்டினாள்.

மாஸ்டர் புத்தகத்தை வாங்கவில்லை.

"உனக்கு எப்படிம்மா போடறது? நீ ஒரு கரண்டி புடிச்சிருக்கியா? ஒரு தாளிதம் பண்ணியிருக்கியா? முப்பத்தெட்டு வருஷமா சமைக்கிறேன், அடுப்பத் தொடாதவளுக்கு அடுப்புல நின்னான்னு எழுத என் கை வராது. பொய் சொல்லமாட்டேன்."

அவர் நிஜமாகவே பொய் சொல்லாதவர். அதுதான் கொடுமை. அவளை ஏன் தொடவிடவில்லை என்பதற்கும் அவர் பொய் சொல்லியிருக்கமாட்டார், யாராவது கேட்டிருந்தால்.

"தொடாதன்னு சொன்னது யாரு மாஸ்டர்?"

"நான்தான். இல்லைங்கலையே."

"நீங்கதான் தொடக் கூடாதுன்னீங்க. நீங்கதான் தொடலைங்கிறீங்க. அப்ப நான் எங்க போயித் தொடணும்?"

முதலாளி இடையில் வந்தார், சிரித்த முகமாக, அவளுக்காக ஒரு வழி யோசித்து வைத்திருந்தார். லாக் புக்கின் கடைசிப் பக்கத்தில் 'இதர பணிகள்' என்று ஒரு கட்டம் உண்டு. "எரிபொருள்னு எழுதித் தரேன். எழுநூத்தி சொச்சம் மணி நேரம் வருது, யாருக்கும் இவ்வளவு வந்ததில்ல. சந்தோஷமா?" அதை எழுதியும் விட்டார், அழகான கையெழுத்தில்: எரிபொருள், எழுநூற்றுப் பன்னிரண்டு மணி.

நிறைமதி அந்தச் சொல்லைப் படித்தாள். புத்தகத்தை மூடினாள். கம்பளிச் சட்டையைக் கழற்றி முக்காலிமேல் வைத்தாள், அந்தத் தலையணைக்குப் பக்கத்தில். பிறகு சமையலறைக்குள் காலை வைத்தாள், முதல் தடவையாக, அண்டாக்களுக்கும் மேடைக்கும் நடுவே நேராக நடந்து, எதையும் தொடாமல், சாப்பாட்டுக் கூடத்தைக் கடந்து, முன்வாசல் வழியாகத் தெருவில் இறங்கினாள்.

பன்னிரண்டு தீயும் மேடையிலிருந்து இறங்கி அவள் பின்னால் போயின. அவசரப்படவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக, சாமி புறப்பாட்டுக்குப் பின்னால் போகிறவர்களைப் போல, தரையை ஒட்டி, தார்ச்சாலையில் தடம் பதிக்காமல் போயின. ஊர் வழிவிட்டது. டீக்கடைக்காரர் பெஞ்சில் இருந்தவர்களைக் காலைத் தூக்கிக்கொள்ளச் சொன்னார். பேருந்து ஓட்டுநர் இரண்டு தடவை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, ஆட்டுமந்தை கடக்கட்டும் என்று காத்திருப்பதுபோல் காத்திருந்தார். ஒரு போலீஸ்காரர் பன்னிரண்டும் கடக்கும்வரை கையைக் காட்டிப் போக்குவரத்தை நிறுத்தினார்.

கல்யாணம் நின்றது, முதலாளி ஓடிவந்து மன்னிப்புக் கேட்டார், மேலரத வீதி பட்டினி கிடந்தது என்றெல்லாம் சொல்ல ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஒரு போன் போட்டார்கள். அரைமணி நேரத்தில் சிலிண்டர்கள் வந்து இறங்கின. குழிக்குள் அவை கச்சிதமாகப் பொருந்தின, தலையணையைக்கூட எடுக்க வேண்டியிருக்கவில்லை. பந்தி இருபது நிமிடம் தாமதம். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், "ரசம் முன்ன மாதிரி இல்லையே" என்றார். பக்கத்தில் இருந்தவர், "ஒனக்கு நாக்குச் செத்துப்போச்சு மாமா" என்றார். அத்தோடு சரி.

புதுக்காலனியில் தீ அவள் வீட்டு வாசலில் வந்து ஒன்றாகச் சேர்ந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் தெருவே வீட்டில் இருந்தது.

"என்னடி, ஹோட்டலயே கூட்டிட்டு வந்துட்ட?" என்றாள் எதிர்வீட்டுச் செல்லக்கா.

"ஊர்ப் பொது அண்டா வேணும்க்கா. திருவிழாவுக்கு எடுப்போமே, அது."

"எத்தன பேருக்கு?"

"எம்பத்து மூணு."

கஸ்தூரி நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். உள்ளே போய் அரிசியை எடுத்து வந்தாள், போதவில்லை, வீட்டுக்கு இரண்டு படி என்று தெரு கொடுத்தது. மூன்று கல் வைத்தார்கள். தீ தானாகப் போய் அதற்குள் உட்கார்ந்தது, எந்தப் பக்கமும் சாயவில்லை. சாய என்ன இருக்கிறது, அவள் அதன் முன்னால்தான் நின்றாள்.

நின்றபிறகுதான் தெரிந்தது. வீட்டில் மூன்று பேருக்கு உலை வைப்பது வேறு, ஒரு தெருவுக்கு வைப்பது வேறு. பாலை எத்தனை டிகிரியில் வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். மாஸ்டரின் குதிகால் எப்போது தூக்கும் என்று தெரியும். காரட்டுக்கு ஏழு பெயர் தெரியும். அந்த அகலத்து அண்டாவில் அரிசியைப் போட்டபின் துடுப்பை எந்தப் பக்கமாகச் சுழற்ற வேண்டும், கை எங்கே கனக்க வேண்டும், தீயை எப்போது பின்னுக்கு இழுக்க வேண்டும் என்று தெரியாது. கால்களைப் பார்த்துக் கைவேலையைப் படிக்க முடியாது. தீ அவளிடம் எவ்வளவு வேண்டுமானாலும் இருந்தது. வேலை அவளிடம் இல்லை, அதை யாரும் கொடுக்கவில்லை. துடுப்பு அடியில் மாட்டியது, அவள் இழுத்தாள், புகை வந்தது. மேலே அரிசி விறைத்துக்கொண்டிருக்க அடியில் நாலு விரல் கனத்துக்குக் கருகிவிட்டது.

"ஹோட்டல் சாப்பாடு இப்படித்தான் இருக்குமாம்" என்றான் ஒருவன். சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே தட்டை நீட்டினார்கள். கருகல் வாசனையோடு, பாதி வெந்ததும் வேகாததுமாக, ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு எண்பத்து மூன்று பேரும் சாப்பிட்டார்கள். நன்றாக இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. வாய்க்கால் பக்கத்திலேயே ஓடியது, அதில் யாரும் ஒரு பருக்கையும் கொட்டவில்லை. கஸ்தூரி அடிப்பிடித்த பாகத்தைச் சுரண்டித் தன் தட்டில் போட்டுக்கொண்டாள். மென்றபோது கடக்கென்று சத்தம் கேட்டது.

நிறைமதி லாக் புக்கைத் திறந்தாள். எரிபொருள் என்ற பக்கத்தைப் புரட்டிவிட்டு முதல் பக்கத்துக்கு வந்தாள், அது இன்னும் வெறுமையாக இருந்தது. தேதி எழுதினாள். உணவு: சாதம். நபர்: எண்பத்து மூன்று. குறிப்பு: அடி பிடித்தது, மேலே வேகவில்லை. அடுப்பில் நின்ற நேரம்: ஒரு மணி. சமையலர் கையொப்பம் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

யார் கையெழுத்துப் போடலாம் என்று அச்சடித்திருந்த விதியை இன்னொரு தரம் படித்தாள். பதிவு பெற்ற சமையலர் அல்லது சமையல் உதவியாளர்.

"அம்மா, ஒங்க பள்ளிக்கூடப் பதிவேட்டுல ஒன் பேருக்கு நேரா என்ன எழுதியிருக்கு?"

"அது கெடக்குது, யாரு பாக்குறா அத."

"என்ன எழுதியிருக்கு? சொல்லு."

கஸ்தூரி சொன்னாள். சொல்லிவிட்டு, மகள் நீட்டிய பேனாவைப் பார்த்தாள், பாம்பைப் பார்க்கிற மாதிரி.

"நான் போட்டா செல்லுமாடி?"

"செல்லாதும்பாங்க. நாளைக்குப் பரீட்சைக்கு விடமாட்டாங்க. அடுத்த பரீட்சைக்கு ஆறு மாசம் இருக்கு, அதுவரைக்கும் வாதாடலாம். செல்லாதுன்னா, அந்தப் பதிவேட்ட ஏன் பதினோரு வருஷமா மாத்தலன்னு அவங்க எழுதிக் கொடுக்கட்டும்."

கஸ்தூரி கையைச் சேலையில் இரண்டு தடவை துடைத்தாள். பெயரை எழுதினாள். அதன் கீழே, கோணல் மாணலாக, அந்தப் பதவி கிடைத்த நாளிலிருந்து ஒரு தடவைகூட எழுதிப் பார்க்காததை எழுதினாள்: சமையல் உதவியாளர்.

நிறைமதியின் விரல் நுனிகள் இன்னும் நீலமாகத்தான் இருந்தன. அவள் காலி அண்டாவை இறக்கி, தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, தேங்காய் நாரும் சாம்பலுமாக எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாலு விரல் கனத்துக் கருகல், வேறு யாராக இருந்தாலும் மறுநாள்வரை பிடித்திருக்கும். அவளுக்கு அரைமணி நேரம்; அதைத்தான் அமிர்தகலசத்தில் அவளுக்கு முழுதாகக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அடி பளிச்சென்று தெரிந்ததும் எழுந்து, அண்டாவைத் தூக்கித் திரும்ப மூன்று கல்லின்மேல் ஏற்றினாள்.

"இன்னும் நூத்திப் பத்தொம்பது மணி" என்றாள். "யாரு வீட்டுல அரிசி இருக்கு?"